பூதலிங்கத்துக்குக் கொடுத்த ஆள்

குரு என்று அவரை யாரும் கூப்பிட்டதில்லை. டீச்சர் என்றுதான் சொன்னார்கள். தென்காசியில் ஒரு பெண்கள் பள்ளியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவர். அதன்பின் சிற்றாற்றங்கரையில், ஓடு வேய்ந்த சில அறைகளில் தங்கி, பெரும்பாலும் பேசாமல் இருந்தார். பேசாமல் இருப்பவரிடம் கேள்வி கேட்க ஆட்கள் வந்தார்கள். சிலர் திரும்பிப் போகவில்லை. அதைக் குடில் என்று ஊர் சொல்லத் தொடங்கியது.

குடிலில் விதிகள் அதிகம் இல்லை. ஒன்றில் மட்டும் டீச்சர் கண்டிப்பு.

யாராவது நோயில் படுத்தால் டீச்சர் ஓர் ஆள் கொடுப்பார். அந்த ஆளுக்கு வேறு வேலை கிடையாது. படுத்திருப்பவருக்கு அந்த ஆள் வேண்டாம் என்றால், "ஆளை மாத்துங்க" என்று சொன்னால் போதும். காரணம் சொல்ல வேண்டியதில்லை. மாற்றப்பட்டவரும் காரணம் கேட்கக் கூடாது. பாயைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்துவிட வேண்டும்.

"எந்திரிக்க முடியாதவனுக்கு அந்த ஒரு அதிகாரமாவது இருக்கட்டும்" என்பார்.

ஆனி மாதம், சாரல் பிடித்துக்கொண்ட நாட்களில், பூதலிங்கம் ஆளை மாற்றச் சொன்னார்.

பூதலிங்கம் குடிலின் சமையல்காரர். வயது எண்பதை ஒட்டி. இதயம் தளர்ந்துவிட்டது. காலில் நீர் கோத்துக்கொண்டது. அடுப்பங்கரையில் ஒரு நாள் சரிந்து விழுந்தவரைத் தூக்கிக்கொண்டு வந்து கட்டிலில் கிடத்தினார்கள். அன்றைக்கு டீச்சர் கொடுத்த ஆள் ஆவுடைநாயகம்.

ஆவுடைக்கு ஐம்பதை நெருங்கும் வயது. மான்செஸ்டரில் மாத்திரை செய்யும் கம்பெனியில் தரப் பரிசோதனை வேலை பார்த்தவர். ஒரு வில்லையில் கீறல் இருந்தால் ஒரு லாரிச் சரக்கையே நிறுத்துகிற வேலை. அதை விட்டுவிட்டு, யாருக்காவது உபயோகமாக இருக்க வேண்டும் என்று சொல்லி வந்தவர்.

பூதலிங்கத்தை அவர் பார்த்துக்கொண்ட விதத்தில் யாரும் குறை சொல்ல முடியாது. முதுகில் ஒரு புண் வரவில்லை. சாரலில் விரிப்புகள் காயாது. ஆவுடை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தே காய வைத்தார். கஞ்சி கொதிப்பாகவும் இல்லை, ஆறியும் இல்லை. கிழவர் தானாக எழுந்து விழுந்துவிடக் கூடாது என்று சிறுநீர்க் குப்பியைக்கூட எட்டாத இடத்தில் வைத்து, தலைமாட்டில் ஓர் அழைப்பு மணியைக் கட்டிக் கொடுத்தார். மணி அடித்தால் அடுத்த நொடி நிற்பார். இரவோ பகலோ, மணி அடித்து அவர் வராமல் இருந்ததே இல்லை.

ஒரு நாள் தலையணை உறையை மாற்றும்போது உள்ளே மாத்திரைகள் கிடந்தன.

அன்றிலிருந்து மருந்து கொடுத்த கையோடு ஆவுடை டார்ச்சை எடுப்பார்.

"வாயைத் திறங்கய்யா."

பூதலிங்கம் திறப்பார்.

"நாக்கைத் தூக்குங்க."

தூக்குவார்.

"சரிய்யா. நன்றி."

மரியாதையாகத்தான் சொல்வார்.

அப்படிச் சில நாட்கள் போயின. ஒரு காலையில் டீச்சர் வாசலில் வந்து நின்றபோது, பூதலிங்கம் கூரையைப் பார்த்தபடியே சொன்னார்:

"ஆளை மாத்துங்க டீச்சர்."

"யாரு வேணும்?"

"பேச்சிமுத்து வரட்டும்."

ஆவுடை கையில் கஞ்சிக் கிண்ணத்தோடு நின்றிருந்தார். கிண்ணத்தை மேசையில் வைத்தார். துணியால் மூடினார். பாயைச் சுருட்டினார். எதுவும் கேட்கவில்லை.

பேச்சிமுத்து டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். அவர் கொட்டாவி விட்டால் அக்கரைக்குக் கேட்கும். குடிலில் உடைந்த பாத்திரங்களில் பாதி அவர் கைபட்டவை. செய்தி கேட்டதும் அவரே அசந்துபோனார்.

"என்னையவா? அண்ணாச்சிக்குப் போய்ச் சேருததுக்கு அவசரம் போல."

போய்ச் சேர்ந்துவிடுவாரோ என்று பயப்படும்படிதான் ஆயிற்று. அடுத்த வாரம் டாக்டர் ஷர்மிளா பானு வந்து பார்த்தபோது பூதலிங்கத்தின் கால்கள் பூசணிக்காயாக வீங்கியிருந்தன. விரலால் அழுத்தினார். பள்ளம் விழுந்து அப்படியே நின்றது.

"உப்பு எங்கேருந்து வந்துச்சு?"

பேச்சிமுத்து தலையைச் சொறிந்தார். "நார்த்தங்கா, டாக்டர். ஒரு துண்டு."

"ஒரு துண்டா?"

"ஒரு நாளைக்கு ஒரு துண்டு."

"ஏன் கொடுத்தீங்க?"

"அண்ணாச்சி கேட்டாரு."

"கேட்டா கொடுத்துடுவீங்களா?"

"கை நீட்டுனா வண்டிய நிப்பாட்டியே பழகிட்டு, டாக்டர்."

கட்டிலில் பூதலிங்கம் குலுங்கிச் சிரித்தார். சிரிப்பு இருமலானது. இருமல் நிற்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. டாக்டர் சிரிக்கவில்லை.

"இது விளையாட்டு இல்லை. நுரையீரல்ல நீர் ஏறிச்சுன்னா ஒரு ராத்திரி தாங்காது."

பேச்சிமுத்துவின் முகம் விழுந்துவிட்டது. நார்த்தங்காய் ஜாடியை எடுத்துக்கொண்டு போய் டீச்சரிடம் கொடுத்துவிட்டு வந்தார்.

டாக்டரைக் கேட் வரைக்கும் கொண்டுவிட ஆவுடை கூடப் போனார். போகும்போதே எல்லாம் சொன்னார். தன் பொறுப்பில் எடை எப்படி இருந்தது, எவ்வளவு தண்ணீர் கொடுத்தோம், மூச்சு எப்படி இருந்தது. டாக்டர் ஸ்கூட்டரில் ஏறி மழைக்கோட்டின் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"நீங்க ரொம்ப கேர்ஃபுல் சார். இந்த மாதிரி நான் பார்த்ததில்லை."

உள்ளேயிருந்து மறுபடியும் சிரிப்புச் சத்தம் வந்தது. டாக்டர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"பேச்சிமுத்துவை... திட்டத்தான் செய்தேன். ஆனா அவர் ரொம்ப கேரிங்."

ஸ்கூட்டர் போய்விட்டது. ஆவுடை சாரலில் நனைந்துகொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

மறுநாள் காலை டீச்சர் அடுப்பருகே உட்கார்ந்து ஈரத் துணிகளை ஒவ்வொன்றாக அனலில் பிடித்துக்கொண்டிருந்தார். அவருக்கும் முழங்கால் வலி. சாரல் காலத்தில் அதிகம். ஆவுடை எதிரே வந்து உட்கார்ந்தார்.

"டீச்சர், ஒரு இங்கிலீஷ் சந்தேகம்."

"அதெல்லாம் ஸ்கூலோட விட்டுட்டேன்."

"கேர்ஃபுல்லுக்கும் கேரிங்குக்கும் என்ன வித்தியாசம்?"

டீச்சர் ஒரு துண்டைத் திருப்பிப் பிடித்தார்.

"டிக்ஷனரி பார்க்கலையா?"

"பார்த்தேன்."

"என்ன போட்டிருக்கு?"

"முதலாவது, தப்பு நேராமப் பார்த்துக்கறவன். ரெண்டாவது, அடுத்தவங்க மேல அக்கறை உள்ளவன்."

"சரியாத்தானே இருக்கு."

"சரியாத்தான் இருக்கு. போதலை."

"சைல்டிஷ், சைல்ட்லைக். ஹிஸ்டாரிக், ஹிஸ்டாரிக்கல். கேர்ஃபுல், கேரிங். வருஷா வருஷம் போர்டுல எழுதிப் போடுவேன். பிள்ளைங்க காப்பி பண்ணும். பரீட்சையில கரெக்டா எழுதும். அதுல எத்தனை பேர் வீட்டுல போய் என்ன செஞ்சுதோ." துண்டை மடித்து வைத்தார். "உன் கேள்வி அது இல்ல, ஆவுடை."

"அதுதான் டீச்சர்."

"இல்ல. இங்க கேக்கக் கூடாத கேள்வி ஒண்ணு இருக்கு. அதுக்கு இங்கிலீஷ் சட்டை மாட்டிக் கூட்டிட்டு வந்திருக்கே."

அடுப்பில் ஈரவிறகு சீறியது. ஆவுடை பேச ஆரம்பித்தபோது குரல் சீராக இல்லை.

"நான் என்ன குறை வச்சேன்? அவன் கையில போன ஒரு வாரத்துல கால் வீங்கிப்போச்சு. இன்னும் ஒரு வாரம் போனா என்ன ஆகும்னு டாக்டரே சொல்லிட்டாங்க. அங்க சிரிப்புச் சத்தம் கேக்குது. நான் இருந்தப்ப அவர் ஒரு நாள் சிரிச்சதில்லை. சரி, சிரிக்க வைக்கத் தெரியாது எனக்கு. உயிரோட வச்சிருக்கத் தெரியும். அது ஒண்ணும் இல்லையா?"

"யாரு இல்லைன்னா?"

"கம்பெனியில கூப்பிட்டிருக்காங்க. பழைய வேலை. வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். போயிடலாம்னு நினைக்கேன். கேர்ஃபுல்லுக்கு அங்க சம்பளம் கொடுக்கான்."

டீச்சர் அவர் முகத்தைப் பார்த்தார். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. தாடி மழிக்காமல் நரைத்துக் கிடந்தது.

"போறதுன்னா போ. அதுக்கு முன்னாடி ஒரு பகல் பூதலிங்கம் ரூம்ல போய் உக்காரு."

"என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்யாதே. பார்க்க வந்தவன் மாதிரி இரு. கை வைக்காதே. வாய் திறக்காதே."

"தப்பு நடந்தா?"

"நடக்கும்."

"மருந்து மறந்துட்டான்னா?"

"மறப்பான்."

"டீச்சர்..."

"மூச்சு இழுத்தா மட்டும் கூப்பிடு. மத்தபடி உன் கையைத் தொடைக்கு அடியில வச்சுக்கோ."

மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு ஆவுடை அந்த அறைக்குப் போனார். சுவரோரம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"வாங்க தம்பி" என்றார் பூதலிங்கம். "என்ன, வெறுங்கையோட?"

ஆவுடை தலையை மட்டும் ஆட்டினார்.

"டீச்சர் வாயக் கட்டி அனுப்பிருக்காங்க அண்ணாச்சி" என்றார் பேச்சிமுத்து. "சும்மா உக்காந்து பார்க்கணுமாம். செக்கிங் இன்ஸ்பெக்டரு ஏறுன மாதிரி இருக்கு எனக்கு."

"டிக்கெட்டக் கிழிச்சு வச்சிருக்கியாலே?"

"கிழிச்சது பூராம் உம்ம வேட்டிதான்."

கஞ்சி வந்தது. உப்பில்லாத கஞ்சி. பேச்சிமுத்து ஊட்டியதில் ஒரு கரண்டி கழுத்து வழியாக இறங்கிப் பனியனுக்குள் போனது. ஆவுடையின் விரல்கள் ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டன.

"எங்கலே பாக்க? வாய் இங்ஙன இருக்கு."

"மோடு பள்ளம் தெரியாம ரோடு போட்டிருக்கீரு. நான் என்ன செய்ய?"

"இந்தக் கஞ்சிய எவன் காய்ச்சுனான்?"

"நான்தான்."

"அடி பிடிச்சிருக்கு."

"உப்புத்தான் இல்ல, அடியாவது பிடிக்கட்டும்னு விட்டேன்."

விரிப்பில் புகைவாசம் அடித்தது. பேச்சிமுத்து அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயப் போட்டிருக்கிறார் என்று ஆவுடைக்குத் தெரிந்தது. கரி ஒட்டிய இடம்கூடத் தெரிந்தது. கட்டில் காலில் கம்பியை வளைத்து, கிழவரின் கைக்கு எட்டுகிற இடத்தில் சிறுநீர்க் குப்பியைத் தொங்க விட்டிருந்தார். ஆவுடை கட்டிக் கொடுத்த அழைப்பு மணியில் பேச்சிமுத்துவின் துண்டு காய்ந்துகொண்டிருந்தது.

கொஞ்ச நேரத்தில் பூதலிங்கம் சுவர்ப்பக்கம் புரண்டார். குப்பியை அவரே எடுத்தார். பேச்சிமுத்து எழுந்திருக்கவில்லை.

"இறக்கம் உண்டுமா அண்ணாச்சி?" என்றார், பஸ் நிறுத்தத்தில் கேட்கிற குரலில்.

"பேசாம கெட. பேசுனா நின்னுபோவும்."

முடித்துக் கம்பியில் மாட்டினார். குப்பி ஆடியது. ஆவுடை பாதி எழுந்துவிட்டார். பிறகு டீச்சர் சொன்னது நினைவு வந்து உட்கார்ந்தார். குப்பி விழவில்லை.

வெளியே சாரல் நூலாக இறங்கியது. பேச்சு குறைந்தது. தரையில் சுவரில் சாய்ந்திருந்த பேச்சிமுத்துவின் தலை ஒரு பக்கம் சரிந்தது. வாய் திறந்தது. குறட்டை கிளம்பியது.

ஆவுடை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நாலு மணி மருந்துக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான்.

பூதலிங்கம் தூங்கவில்லை. கட்டிலில் கிடந்தபடி, கீழே தூங்குகிறவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓர் ஈ பேச்சிமுத்துவின் உதட்டில் உட்கார்ந்தது. கிழவர் கைத்தடியை எடுத்தார். அதன் முனையால், மேசைமேல் இருந்த சின்ன மின்விசிறியின் கழுத்தை மெல்ல மெல்லத் தள்ளினார். கை சோர்ந்துபோய் இரண்டு தடவை தடியைக் கீழே போட்டுவிட்டு மூச்சு வாங்கினார். கடைசியில் விசிறி திரும்பியது. காற்று தன்னை விட்டுப் பேச்சிமுத்துவின் முகத்துக்குப் போனது. ஈ பறந்தது.

நாலு மணி ஆனது. பேச்சிமுத்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

எழுப்ப வேண்டும் என்று ஆவுடைக்கு நாக்கின் நுனி வரை வந்தது. கூப்பிட்டுவிடலாம். ஒரு சொல்தான்.

பூதலிங்கமும் கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு முழங்கையை ஊன்றி எழுந்தார். மேசைக்குக் கையை நீட்டி மருந்து டப்பாவை இழுத்தார். மூடியைப் பல்லால் கடித்துத் திறந்தார். சின்ன வெள்ளை மாத்திரை. அதை வாயில் போட்டு, டம்ளரிலிருந்து அளவாக ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். விழுங்கும்போது தொண்டை ஏறி இறங்கியது.

அப்புறம் அவர் ஆவுடையைப் பார்த்தார்.

வாயை அகலத் திறந்தார். நாக்கை உயர்த்தினார். அப்படியே கொஞ்ச நேரம் காட்டிக்கொண்டிருந்தார். மூடினார்.

அவர் முகத்தில் கேலி இல்லை. கோபமும் இல்லை. பழகிய ஒன்றைச் செய்துவிட்ட மாதிரி இருந்தது.

ஆவுடை தரையைப் பார்த்தார்.

விளக்கு வைப்பதற்கு முன்னால் அவர் டீச்சரிடம் வந்தார். டீச்சர் அதே இடத்தில் இருந்தார். துணிகள் இன்னும் காயவில்லை.

"என்ன பார்த்தே?"

"பேச்சிமுத்து தூங்கிட்டான்."

"நல்லாவா?"

"குறட்டை விட்டு."

"ம்."

"அவர் ஃபேனைத் திருப்பி வச்சார். அவனுக்கு. மருந்தையும் அவரேதான் எடுத்துப் போட்டுக்கிட்டார்." ஆவுடை நிறுத்தினார். "போட்டுட்டு என்கிட்ட வாயைத் திறந்து காட்டினார், டீச்சர்."

டீச்சர் கையிலிருந்த துணியை இறக்கி மடியில் வைத்தார்.

"அன்னைக்குத் தலையணை உறைக்குள்ள கிடந்துச்சே. அது என்ன மாத்திரை?"

"நீர் பிரியறதுக்கு உள்ளது. நாலு மணிக்குக் கொடுக்கறது."

"பிரஷர் மாத்திரையும் கிடந்துச்சா?"

"இல்லை."

"இதயத்துக்கு உள்ளது?"

"இல்லை. அதெல்லாம் ஒழுங்காப் போட்டுக்கிட்டார்."

"காலையில கொடுக்கற நீர் மாத்திரை?"

"அதையும் போட்டுக்கிட்டார். நாலு மணியோடது மட்டும்தான் உறைக்குள்ள போயிருக்கு. எண்ணிப் பார்த்துட்டுத்தான் சொல்றேன்."

"சரியாக் கண்டுபிடிச்சிருக்கே."

"அது என் தொழில் டீச்சர்."

"அந்த நாலு மணி மாத்திரையைப் போட்டா என்ன ஆகும்?"

"வீக்கம் வடியும். மூச்சு லேசாகும்."

"அது அவருக்கு. ராத்திரியில என்ன ஆகும்?"

"அடிக்கடி நீர் பிரியும். ராத்திரி பூராவும் எழுந்திரிக்க வேண்டியிருக்கும்."

"யாரு?"

ஆவுடை பதில் சொல்ல வாயெடுத்தார். வாய் திறந்தபடியே நின்றது. ஓட்டு விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. குப்பியை எட்டாமல் வைத்தது ஆவுடைதான். மணியைக் கட்டியதும் அவர்தான்.

"நான்" என்றார்.

டீச்சர் அடுப்புக்குள் ஒரு விறகைத் தள்ளினார்.

"டார்ச் எடுத்தப்புறம் ஒளிக்க முடியாம ஆளையே மாத்தியிருக்கார். சொல்லியிருக்கலாமே" என்றார் ஆவுடை. "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"சொல்லியிருந்தா?"

"குப்பியைப் பக்கத்துல வச்சிருப்பேன். மருந்து நேரத்தை மாத்தியிருப்பேன். டாக்டர்கிட்டப் பேசி..."

"செஞ்சிருப்பே. கரெக்டா செஞ்சிருப்பே."

ஆவுடை முகத்தை இரண்டு கைகளாலும் தேய்த்துக்கொண்டார். கையை எடுத்தபோது கண் சிவந்திருந்தது. அழுததா, தூக்கமில்லாததா என்று சொல்ல முடியாது.

"ரெண்டு சொல்லுக்கும் வித்தியாசம் கேட்டேன். நீங்க இன்னும் சொல்லலை."

"உக்காந்து பார்த்தவன் நீ. நான் அடுப்புக்கு முன்னால இருந்தேன்."

"பேச்சிமுத்து கையில அவர் பிழைக்க மாட்டார் டீச்சர். அதுவும் நிஜம்."

"நிஜம்தான். நாளையிலேருந்து உப்பையும் மருந்தையும் ஆவுடை பார்த்துப்பான்னு அவன்கிட்டச் சொல்லிட்டேன். அவனே வந்து கேட்டான். 'எனக்கு மணி பார்க்கத் தெரியும், ஞாபகம் வச்சுக்கத் தெரியாது, அந்தச் சாரைப் போக விட்டுராதீங்க'ன்னான்."

ஆவுடை நிமிர்ந்து பார்த்தார்.

"நான்தான் போறேன்னு சொல்லிட்டேனே. வெள்ளிக்கிழமை..."

"வெள்ளிக்கிழமையை வெள்ளிக்கிழமை பார்க்கலாம். நீ கடைசியா எப்போ தூங்கினே?"

"நேத்து ராத்திரி."

"அது படுத்தது."

ஆவுடை யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். ஞாபகம் வரவில்லை. மாற்றப்பட்ட பிறகும், ராத்திரிகளில் இல்லாத மணி காதில் அடித்து எழுந்து உட்கார்ந்திருக்கிறார். மான்செஸ்டரிலும் இப்படித்தான். எங்கோ ஒரு கீறல் கண்ணுக்குத் தப்பிவிட்டது என்று எழுந்து உட்கார்ந்த ராத்திரிகள்.

"உன் பாய் எங்க?"

"ரூம்ல இருக்கு."

"எடுத்துக்கிட்டுப் பூதலிங்கம் கிட்டப் போ. பேச்சிமுத்துவை இங்க அனுப்பு. இந்தத் துணியெல்லாம் பிழியணும்."

"டீச்சர், என்னை மாத்தச் சொன்னது அவர். மறுபடியும் நான் போய் அங்க ஆளா இருக்க முடியாது. வழக்கம்..."

"வழக்கத்தை நான் மீறச் சொல்லலை."

டீச்சர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். முழங்கால் சொடுக்கியது. ஒரு விரிப்பை உதறி, முகர்ந்து பார்த்து, இன்னும் ஈரமாக இருந்த அதை ஆவுடையின் தோளில் போட்டார்.

"போய்ப் பாயை விரிச்சுப் படு. அவர் ஏன் வந்தேன்னு கேட்டா இப்படிச் சொல்லு. ஆவுடைக்கு உடம்பு சரியில்ல, உங்களை ஆளாக் கொடுத்திருக்காங்கன்னு."